துடிப்பு அடங்கட்டும்

தொப்புள்கொடியைத் தொட்டுப் பார்த்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பிள்ளை வெளியே வந்த கையோடு பார்த்தால் அது முறுக்கிய கயிறு போல, நீலம் பாய்ந்து, விறைப்பாக இருக்கும். வழவழவென்று கையை விட்டு நழுவும். இரண்டு விரலுக்கு நடுவே லேசாகப் பிடித்தால் உள்ளே நாடி அடிப்பது தெரியும். நிமிடத்துக்கு நூறுக்கு மேல் அடிக்கும். குழந்தை அழுது மூச்சு விடத் தொடங்கியதும் அந்தத் துடிப்பு மெல்லத் தளரும். நீலம் வெளிறும். இரண்டு, மூன்று நிமிடத்தில் கொடி தொய்ந்து, காய்ந்த வாழைநார் போல வெள்ளையாகிவிடும். பிள்ளைக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வெட்டலாம்.

1992 முதல் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தேன். பெரும்பாலும் பிரசவ அறைதான். அதில் முதல் 18 ஆண்டுகள் அந்தத் துடிப்பை நான் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறேன். தலை, தோள், உடம்பு, கிளாம்ப், கத்தரி. அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். வேகமான கை என்று எனக்குப் பெயரும் இருந்தது.

என் அப்பத்தாவும் பிரசவம் பார்த்தவள்தான். எங்கள் பக்கத்தில் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்களுக்குத்தான் அந்த வேலை. ராத்திரி எந்நேரமும் ஆள் வரும். வலி கண்ட வீட்டுக்குள் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். மறுநாள் பகலில் அதே வீட்டுத் திண்ணையில் அவள் உட்கார முடியாது. கூலி ஒரு மரக்கால் நெல்லும் ஒரு பழஞ்சேலையும். பத்து வயதில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போயிருக்கிறேன். வாசலோடு சரி, சின்னப்பிள்ளையை உள்ளே விட மாட்டார்கள். ஆனால் அவள் குரல் கேட்கும். கொடியை அறுக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், "நச்சுக்கொடி விழட்டும்த்தா, அதுக்குள்ள என்ன?" என்பாள். நச்சுக்கொடி விழுந்த பிறகுதான் அறுப்பாள்.

அப்பத்தாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. அவள் அறுத்தது சவர பிளேடால். அறுத்த இடத்தில் சாம்பல் வைப்பாள். பிறந்து ஏழாம் நாள், எட்டாம் நாள் பால் குடிக்க வாய் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போன பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். அது ரணஜன்னி. தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்ற அறிவிப்பு 2015-இல்தான் வந்தது. தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் செய்த வேலை அது. அப்பத்தாவின் பிளேடு தப்பு. அவள் காத்திருந்தது சரி. பிளேடை மாற்றிய நாங்கள் காத்திருப்பையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

எங்கள் பதிவுச் சான்றிதழில் இரண்டு பெயர் இருக்கும்: செவிலியர், மருத்துவச்சி. 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த பதிவு அது. முதல் பெயரை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை. அது அப்பத்தாவின் பெயர் என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம். இந்தக் கூச்சத்தால் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நர்சிங் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் ஒரு நியாயம் இருந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து நச்சுக்கொடி வெளியே வரும் வரை உள்ள நேரத்தைப் பிரசவத்தின் மூன்றாம் கட்டம் என்போம். ரத்தப்போக்கில் தாய் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அப்போதும் அதை ஒட்டிய நேரத்திலும்தான். அதைத் தடுக்க மூன்று காரியங்களை ஒன்றாகக் கட்டி வைத்தார்கள். கருப்பை சுருங்க ஊசி, கொடிக்கு உடனே கிளாம்ப், பிறகு கொடியை அளவாக இழுத்து நச்சுக்கொடியை எடுப்பது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் இதைச் சோதித்து 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். அதிக ரத்தப்போக்கு 100-க்கு 18 பேர் என்றிருந்தது இந்த மூன்றையும் செய்தவர்களிடம் 6 பேராகக் குறைந்திருந்தது. யாரால் மறுக்க முடியும்? ஆனால் மூன்றில் எது தாயைக் காப்பாற்றியது என்று மூட்டையைப் பிரித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. காப்பாற்றியது ஊசி. கிளாம்ப் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

இந்த விஷயம் புதிதும் இல்லை. பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர். கொடியைச் சீக்கிரம் கட்டுவது பிள்ளைக்குக் கேடு, துடிப்பு நிற்கும் வரை விட வேண்டும் என்று அவர் 1801-லேயே எழுதிவிட்டார். எனக்கு இது தெரிய வந்தது ஓய்வு பெறும் வயதில்.

2008-இல் மதுரைக்குத் தெற்கே ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே மகப்பேறு பார்த்த டாக்டரம்மாவைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டால் பத்தாவது நிமிடம் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். ரத்தப்போக்கில் கண் செருகிப் போன பெண்ணின் வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, மறுகையால் ரத்த வங்கிக்குப் போன் பேசி, ஆளை மீட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் சொன்னால் சொன்னதுதான். நாங்கள் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசத் தோன்றியதும் இல்லை.

2010-இல் பிரசவப் பயிற்சி ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். பயிற்சி தந்த குழந்தை மருத்துவர் கடைசி நாளில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுத்து, "சும்மா படிச்சுப் பாருங்க" என்றார். டெல்லியில் நடந்த ஆய்வு. 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் 2002-இல் வந்தது. ரத்தசோகை உள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே கிளாம்ப் போட்டார்கள். இன்னொரு பிரிவுக்கு நச்சுக்கொடி கீழே இறங்கும் வரை பொறுத்துப் போட்டார்கள். மூன்றாவது மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பொறுத்துப் போட்ட குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராம் கூடுதல். உடம்பில் இரும்புச் சேமிப்பும் கூடுதல்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். நச்சுக்கொடி இறங்கும் வரை. அப்பத்தா சொன்னதும் அதுதானே?

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். மாத்திரை கொடுப்போம், அயன் சுக்ரோஸ் ஏற்றுவோம், முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்வோம், கேட்காவிட்டால் திட்டுவோம். ஒன்பது மாதம் ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்த ரத்தத்தைப் பிள்ளை பிறந்த அரை நிமிடத்தில் நச்சுக்கொடியோடு வாளியில் போடுவோம். இந்தக் கணக்கு எனக்கு அதற்கு முன் உறைத்ததே இல்லை. அதற்குப் பிறகு அந்த வாளியைத் தூக்கும்போதெல்லாம் உறைத்தது.

டாக்டரம்மா இல்லாத டியூட்டிகளில் நான் காத்திருக்க ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் அப்படி ஒளித்து ஒளித்துச் செய்தேன்.

2011 ஐப்பசி. மழை. பகல் டியூட்டி. இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணுக்கு இருபத்தொரு வயது. வரும்போது ஹீமோகுளோபின் 6.9. மூன்று தடவை அயன் சுக்ரோஸ் ஏற்றி 8.2-க்குக் கொண்டு வந்திருந்தோம். துணைக்கு அவளுடைய அம்மா தலைமாட்டில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரசவம் நான் பார்த்தேன். பெண் பிள்ளை. கை வெளியே வந்ததுமே அழுதுவிட்டது. தாயின் வயிற்றில் போட்டு, துண்டால் துடைத்து மூடினேன். தாய்க்குப் பத்து யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"கிளாம்ப் போடுங்க சிஸ்டர்."

என் விரல் கொடியில் இருந்தது. "துடிக்குது மேடம். ரெண்டு நிமிஷம் பொறுக்கலாம்."

வேறு யாரோ பேசியது போல என் குரல் எனக்கே கேட்டது. அவர் கையுறையைப் பாதி மாட்டிய நிலையில் என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"குழந்தை நல்லா அழுதுருச்சு மேடம். கலர் நல்லாருக்கு. அம்மாவுக்கு ஊசி போட்டாச்சு, பிளீடிங் இல்ல. தாய்க்கு ரத்தம் கம்மி. பிள்ளைக்கு இருக்கறதாவது போய்ச் சேரட்டும்."

"எனக்குக் கிளாஸ் எடுக்கறீங்களா? நகருங்க."

நகர்ந்தேன். அவர் டிரேயிலிருந்து கிளாம்பை எடுத்துப் போட்டார், வெட்டினார். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், பிள்ளை பிறந்து நாற்பது நொடி கூட ஆகவில்லை. அவர் கை கழுவத் திரும்பினார். அப்போது நான் செய்ததைத் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. சிறுநீர் அளக்கும் ஜாடி சுத்தமாகக் கழுவிப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து, தாயின் பக்கம் தொங்கிய கொடியின் நுனியை உள்ளே விட்டு, அந்தப் பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தினேன். கருஞ்சிவப்பாகச் சரசரவென்று இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. நின்றபோது கோட்டைப் பார்த்தேன். 90 மில்லி.

ஜாடியை அவர் முன்னால் நீட்டினேன். "மேடம், இது பிள்ளையோட ரத்தம்."

அவர் பேசவில்லை. தலைமாட்டில் நின்ற அம்மாதான் பேசினார். "என் பேத்தி ரத்தமா நர்சம்மா அது? அதை ஏன் எடுத்தீங்க?"

அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. பிள்ளையின் எடை 2 கிலோ 400. பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் என்று வைத்தால், அதன் உடம்பில் இருப்பது 190 மில்லி. ஜாடியில் இருந்தது 90. அதற்குச் சேர வேண்டியதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய 50 மில்லிகிராம். முதல் சில மாதம் தாய்ப்பாலில் கிடைக்கும் கொஞ்ச இரும்போடு சேர்த்து அந்தப் பிள்ளையைத் தாங்க வேண்டிய கையிருப்பு அது. அதை அந்தப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்லம்மா, டெஸ்ட்டுக்கு" என்றேன். பொய். அன்றைக்கு நான் செய்த தப்பு அது. நோயாளியின் வீட்டார் முன்னால் ஜாடியை நீட்டியதும் தப்புதான்.

சாயங்காலம் மெமோ வந்தது. பணியில் இருக்கும் மருத்துவரின் உத்தரவை மறுத்தது, நோயாளியின் உறவினர் முன்னிலையில் அவமதித்தது, மூன்று நாளில் விளக்கம். எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் நல்ல மனுஷி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாருடி. பதினேழு ஏ-ன்னு ஒழுங்கு நடவடிக்கை போட்டாங்கன்னா இன்கிரிமென்ட் போயிரும். இன்னும் பன்னெண்டு வருஷ சர்வீஸ் இருக்கு" என்றார். வீட்டில் பையன் பிளஸ் டூ. இன்கிரிமென்ட் சின்ன விஷயமில்லை.

அரைப் பக்கம் எழுதினேன். உறவினர் முன் பேசியதற்கு வருந்துகிறேன் என்று எழுதினேன். கொடியைப் பற்றிச் சொன்னதற்கு வருந்துவதாக எழுதவில்லை. அந்த ஜெராக்ஸ் தாளை இணைத்தேன். கையெழுத்துக்குக் கீழே பதவி எழுதும் இடத்தில், முதல் தடவையாக, செவிலியர் என்பதோடு மருத்துவச்சி என்றும் எழுதினேன்.

நாலு நாள் கழித்து ஓ.பி. முடிந்த நேரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் என் ஜெராக்ஸ் இருந்தது. ஓரமெல்லாம் சிவப்பு மையில் கோடுகள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை நான் கடைசி வரை மதித்தேன்: கோபத்தோடேயே முழுசாகப் படித்திருந்தார்.

"உட்காருங்க" என்றார். பத்தொன்பது வருட சர்வீஸில் ஒரு டாக்டர் என்னை எதிரே உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதலில் ரத்தப்போக்கு. "நான் ஹவுஸ் சர்ஜனா இருக்கும்போது ஒரு அம்மா என் கையில போயிட்டாங்க சிஸ்டர். பச்சைச் சேலை. நச்சுக்கொடி வரல. நாங்க காத்துக்கிட்டே இருந்தோம். இருபது நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிருச்சு. அதிலேர்ந்து நான் எதுக்கும் காத்திருக்கிறதில்ல." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகச் சொன்னேன்: ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை மேடம், பிள்ளை வந்த நிமிடமே போடுவோம், கொடி மட்டும் பொறுக்கட்டும், ரத்தம் கொட்டினால் அந்த நொடியே வெட்டிவிடலாம்.

அடுத்தது மஞ்சள்காமாலை. ரத்தம் கூடினால் காமாலையும் கூடும், பிள்ளைக்கு ஒளிச் சிகிச்சை லைட் வைக்க வேண்டி வரும். இதில் அவர் சொன்னது உண்மை. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், பொறுத்துக் கிளாம்ப் போட்ட குழந்தைகளில் லைட் தேவைப்பட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தார்கள். தாய்க்கு ரத்தப்போக்கு கூடவில்லை. "நம்மகிட்ட லைட் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அடுத்த நாளே வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறாங்க. ரெண்டு நாள் கழிச்சு மஞ்சளா ஆனா யார் பார்ப்பா?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. 48 மணி நேரத்துக்கு முன் யாரையும் அனுப்பக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். அதைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு கிளாம்ப் விஷயத்தை விடப் பெரிது. அறுவடைக் காலத்தில் எந்த வீட்டில் இரண்டு நாள் ஆளை விட்டுவைப்பார்கள்?

இன்னொரு கேள்வி கேட்டார். "பிள்ளையைத் தாய் வயித்துல தூக்கி வெச்சா ரத்தம் மேல ஏறுமா? கீழதான வைக்கணும்?" நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது மேடம் என்றேன். அதற்கான பதில் 2014-இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. வயிற்றிலோ மார்பிலோ வைத்தாலும், கீழே வைத்தாலும், இறங்கும் ரத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை என்று 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான்.

அன்றைக்கு முடிவானது இதுதான். முதலில் ஒரு நிமிடம். அழுத குழந்தைக்கு மட்டும். மூன்று மாதம் நோட்டுப் போட்டு எழுத வேண்டும். மெமோ என்ன ஆனது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நோட்டு எழுதினேன். பிறந்த நேரம், கிளாம்ப் போட்ட நேரம், தாய்க்குப் போன ரத்தம், பிள்ளையின் நிறம், லைட் வைத்ததா இல்லையா. எல்லா ஷிப்டிலும் எழுத மற்ற சிஸ்டர்களைப் பிடிப்பது பெரும்பாடு. கூட்டமான நாளில், ஒரு டேபிளில் ஒருத்தி, வாசலில் இரண்டு பேர் வலியோடு நிற்கும்போது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த அறையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். கை துறுதுறுக்கும். எங்கள் ஆயாம்மா ஒருவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த நேரத்தில் தாயிடம் பேச்சுக் கொடுப்பார். "பிள்ளை யாரு சாடைத்தா? உன் மூக்கு இல்லையே!" அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நிமிடம் போய்விடும். எங்களுக்குப் பழகிய பிறகு கடிகாரமும் தேவைப்படவில்லை, ஆயாம்மாவின் பேச்சே கணக்கு.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் நானே தவறினேன். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை. துவண்டு, நீலமாக இருந்தது. முதுகைத் தேய்த்தேன், அழவில்லை. கொடி துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பை நம்பி இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றுவிட்டேன். "கட் பண்ணுங்க சிஸ்டர், வார்மர்!" என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில்தான் அசைந்தேன். ஆம்பு பையால் மூச்சுக் கொடுத்தார். நாற்பது நொடி, ஐம்பது நொடி. பிறகு முனகல், பிறகு அழுகை. எனக்கு முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. தேய்த்தும் மூச்சு விடாத பிள்ளைக்கு முதல் தேவை காற்று. உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அந்த விலக்கு இருக்கிறது: எல்லாப் பிரசவத்திலும் 1 முதல் 3 நிமிடம் பொறுக்க வேண்டும், மூச்சுக் கொடுப்பதற்காக உடனே நகர்த்த வேண்டிய குழந்தையைத் தவிர. நான் சரி என்று நிரூபிக்கும் வேகத்தில் அந்தப் பிள்ளையை மறந்துவிட்டேன். பதினைந்து நாள் எனக்குத் தூக்கமில்லை. டாக்டரம்மா அதை ஒரு தடவை கூடச் சொல்லிக் காட்டவில்லை.

மூன்று மாத நோட்டில், காத்திருந்ததால் எந்தத் தாய்க்கும் ரத்தப்போக்கு கூடியதாக நாங்கள் காணவில்லை. ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் நோட்டு ஆதாரமாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பயத்தைப் போக்க அது போதுமானதாக இருந்தது. அடுத்த வருடம் அந்த வழிகாட்டுதல் வந்தபோது டாக்டரம்மாவே அதை அச்செடுத்து வந்து, பசை தடவி, பிரசவ அறைச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினார். ஒரு நிமிடம் என்று இருந்தது அன்றிலிருந்து துடிப்பு அடங்கும் வரை என்று ஆனது.

பிறகு தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என் நெஞ்சை நிறைத்தது. கொடியை எப்போது வெட்டுவது என்ற கேள்வியை உலகமெங்கும் விடாமல் கேட்டவர்களில் பலர் மருத்துவச்சிகள். 15 ஆய்வுகளைச் சேர்த்து 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கனடாவின் ஐலீன் ஹட்டன் ஒரு மருத்துவச்சி. குறைமாதக் குழந்தைகளுக்கு அரை நிமிடம் காத்திருந்தாலே மூளையில் ரத்தக்கசிவு குறைகிறது என்று 2006-இல் காட்டிய அமெரிக்காவின் ஜூடித் மெர்சர் ஒரு மருத்துவச்சி. இங்கிலாந்தில் அமாண்டா பர்லி என்ற மருத்துவச்சி பல ஆண்டுகள் பிரசாரம் செய்தார். 2014 டிசம்பரில் அந்த நாட்டின் தேசிய வழிகாட்டுதல் மாறியது. இவர்களுக்கு நோட்டும் ஆய்வுக்கூடமும் இருந்தன. பிரசவ அறையில் கொடியை விரலில் பிடித்து நிற்பவள் என்ற வகையில், அப்பத்தாவுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை.

இந்தியாவில் 2018-இல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலும் இந்தக் காத்திருப்பு சேர்ந்துவிட்டது. தாளில் எல்லாம் இருக்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் இது. கொடி துடிப்பது ஒவ்வொரு தடவையும் படித்த ஒருவரின் கையில்தான். கொடி மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துவிடாது. சாப்பாடு, குடற்புழு, தாயின் உடல்நிலை என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் இந்த ஒன்றுக்குக் காசு வேண்டாம், மருந்து வேண்டாம், கருவி வேண்டாம். மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். ஆபரேஷன் தியேட்டரில் இன்னும் அவசரம். பிள்ளையை எடுத்த உடனே கிளாம்ப், வெட்டு, அடுத்த கைக்கு. நான் ஓய்வு பெற்ற வருடம் வரை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் அங்கேயும் ஒரு நிமிடம் பொறுக்க முடியும்.

ஆகவே, வீட்டில் மாசமாக இருக்கும் பெண் உள்ளவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போதே இதையும் பேசிவிடுங்கள். செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம், நர்சிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "பிள்ளை அழுதுருச்சுன்னா, கொடி துடிப்பு அடங்கினப்புறம் வெட்டுங்கம்மா." பெரியாஸ்பத்திரியானாலும் சொல்லுங்கள், நர்சிங் ஹோமானாலும் சொல்லுங்கள். துணைக்கு உள்ளே போகிற அம்மாவோ மாமியாரோ அக்காவோ அந்த நேரத்தில் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிரசவ அறையில் நிற்கும் என் தங்கைகளே, உங்கள் சான்றிதழில் இருக்கும் இரண்டாவது பெயரையும் எடுத்துப் படியுங்கள். விரல் கொடியில் இருக்கும்போது, துடிக்கிறது என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.